தாய்லாந்தா, ஸ்வீடனா, பாலியா? எங்க வலிக்குதுன்னு மொதல்ல கேளுங்கய்யா!

டிஸ்கி: பதிவு மொக்கையா ஆரம்பிக்கும். பாதிக்கு மேல சிரிக்க முடியாது. வீட்டில் வயசானவங்க இருந்தா, இல்லை ஊரிலிருந்து வரப் போறாங்கன்னா, கடைசி வரை படிச்சிடுங்க.

போன தீபாவளிக்கு எங்க ஆபீஸ்ல சோன்பப்டி டப்பா கொடுக்கலை. அதுவே ஒரு செய்திதான். தில்லிப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியும், அந்த டப்பா எந்த வீட்டிலயும் தங்காது. நாம பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம், அவங்க எதிர்வீட்டுக்குக் கொடுப்பாங்க, பொங்கலுக்கு முன்னாடி அதே டப்பா நம்ம வாசல்லயே வந்து நிக்கும். இந்த முறை அதுக்குப் பதிலா ஒரு கூப்பன். நொய்டாவில் ஒரு பெரிய மாலில் இருக்கிற ஸ்பாவில் மூணு தடவை மசாஜ் இலவசம்.

14 வருஷமா பொட்டி தட்டித் தட்டி எனக்குக் கழுத்து கல்லாயிருச்சு. தங்கமணிக்கு இடுப்பு. சரி, ஓசியில வந்ததை ஏன் விடணும்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் மயூர் விஹார்லேருந்து மெட்ரோ பிடிச்சுப் போனோம்.

உள்ளே எலுமிச்சம்புல் வாசனை, மெல்லிசா ஒரு புல்லாங்குழல், கையில் மெனு கார்டு. ஸ்வீடிஷ், தாய், பாலினீஸ், ஜப்பான் ஷியாட்சு, ஹவாய் லோமி லோமி, சூட்டுக்கல், டீப் டிஷ்யூ, அரோமா. பாஸ்போர்ட் இல்லாம உலகத்தையே சுத்தி வந்துடலாம். எல்லாமே 3,000 ரூபாய்க்கு மேலதான். வரவேற்பில் இருந்த பொண்ணு ரொம்ப மரியாதையா நாலு விஷயம் கேட்டாங்க. மொபைல் நம்பர், பிறந்த நாள், கல்யாண நாள், கடைசியா "சாஃப்ட்டா, மீடியமா, ஹார்டா சார்?" தோசை முறுகலா சாதாவான்னு கேக்குற மாதிரி.

எங்க வலிக்குது, எத்தனை நாளா வலிக்குது, சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடறீங்க... ம்ஹூம். ஒண்ணுகூடக் கிடையாது.

அன்னிக்கு நானும் இதைப் பெரிசா எடுத்துக்கலை. ஒரு மணி நேரம் சுகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. செவ்வாய்க்கிழமையே கழுத்துவலி திரும்பி வந்துருச்சு, அது வேற விஷயம். ஆனா அடுத்த மூணு வாரத்துல வீட்டில் நடந்த ஒண்ணுக்கு அப்புறம் அந்த மெனு கார்டை நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

நாட்டுப் பேரை வச்சு நாக்கு வழிக்கவா?

முதல்ல இந்தப் பேருங்களைப் பார்ப்போம்.

ஸ்வீடிஷ் மசாஜ்னு உலகமே சொல்லுது. ஸ்வீடன்காரர் பெர் ஹென்ரிக் லிங் பேரைத்தான் அதுக்குச் சொல்லுவாங்க. ஆனா தடவுறது, பிசையறது, தட்டுறதுன்னு அதை ஒழுங்குபடுத்தினவர் 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் இருந்த யோஹான் மெட்ஸ்கர் என்ற டாக்டர். ஸ்வீடன்ல அதுக்கு 'கிளாசிக் மசாஜ்'னுதான் பேரு.

தாய் மசாஜ்? 2019ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துச்சு. பாரம்பரிய முறையில் எண்ணெய் கிடையாது, உடுப்பைக் கழட்ட வேண்டாம், தரையில் மெத்தை போட்டுக் கை காலை இழுத்து வளைச்சு அழுத்துவாங்க. அந்த ஊர்க்காரங்க அதுக்கு ஆதிகுருவா யாரைக் கும்பிடறாங்க தெரியுமா? புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகர். மகத நாட்டுக்காரர், இன்னிக்கு இருக்கிற பீகார்.

அதே பீகாரிலேருந்து இன்னொருத்தர். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, 19ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில் நீராவிக் குளியலும் சம்பியும் நடத்தி, ரெண்டு ராஜாக்களுக்கே பிடிச்சு விட்டவர். இந்தச் 'சம்பி'தான் அங்கே 'ஷாம்பு' ஆச்சு. நம்ம வார்த்தையை அவன் கொண்டு போய் பாட்டில்ல அடைச்சு நமக்கே விக்கிறான். போகட்டும்.

நான் சொல்ல வர்றது இதுதான். பேரு ஊர் ஊராப் போகும், கடை கடையா மாறும். உங்க கெண்டைக்காலுக்கு அது ஸ்வீடனா சிங்கப்பூரான்னு தெரியாது. எவ்வளவு அழுத்தம், எந்தத் திசையில், எந்த இடத்தில், சூடா இல்லையா, இழுக்கலாமா கூடாதா... உடம்புக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்.

நம்ம சித்த மருத்துவம் இதைத் தெளிவாப் பிரிச்சு வச்சிருக்கு. அதில் மசாஜுக்குப் பேரு தொக்கணம். மொத்தம் ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஒரு பேராவது ஊர்ப் பேரா இருக்கா? ஒவ்வொண்ணும் கை என்ன செய்யுதுன்னு சொல்லுது. யாருக்கு எந்தக் கை வேலை வேணும்னு பார்த்து முடிவு பண்ணத் தோதான பட்டியல் அது. நம்ம ஊர் மருத்துவம் எல்லாத்தையும் குணமாக்கிடும்னு நான் இங்க கொடி பிடிக்கலை. பட்டியல் போடுறதுக்கே ஒரு யோக்கியமான முறை உண்டுங்கறதுக்காகச் சொல்றேன்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி

கார்த்திகை மாசம் அப்பா மாயவரத்திலிருந்து வந்தார். வயசு 72, சர்க்கரை 15 வருஷமா. சென்னைக்கு வந்து, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல கிட்டத்தட்ட 33 மணி நேரம். விமானத்தில் வாங்கன்னா கேட்க மாட்டார். ரயில்ல பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்க மாட்டார். எழுந்து நடந்தா சூட்கேஸை யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு எழுந்திருக்கவும் மாட்டார். உங்க வீட்டு அப்பாவும் இப்படித்தானே?

வந்து ரெண்டாவது நாள் இடது கெண்டைக்கால் வலிக்குதுன்னார். பார்த்தா கொஞ்சம் வீக்கம். "ரயில்ல ஒரே பக்கமா உக்காந்து வந்தேன்டா, வாயு பிடிச்சிக்கிச்சு. யாராவது நல்லா அமுக்கி விட்டா சரியாயிடும்"னார். நானும் ஆமாம்னுதான் நினைச்சேன். நமக்குத்தான் ஏப்பம் விடாத வலியெல்லாம் வாயு ஆச்சே.

கூப்பன்ல ஒரு தடவை மிச்சம் இருந்துச்சு. ஸ்பாவுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு 72 வயசு, ஒரு கால் வீங்கியிருக்கு, ரயில்ல வந்தவர், எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி யோசனை கிடையாது. "நோ பிராப்ளம் சார். வீக்கத்துக்குன்னே நிணநீர் வடிகால் மசாஜ் இருக்கு. கூப்பனோட 500 ரூபாய் சேர்த்துக் கட்டினாப் போதும். நாளைக்கு 11 மணிக்கு வரலாமே?" நானும் சரின்னு புக் பண்ணிட்டேன்.

அப்பா வரமாட்டேன்னுட்டார். "அங்கெல்லாம் துணியைக் கழட்டச் சொல்லுவானுங்கடா. இந்த வயசுல எனக்கு எதுக்கு அந்த அசிங்கம்?" எவ்வளவு சொல்லியும் மசியலை. எனக்கு அப்ப எரிச்சல். இன்னிக்கு அந்தக் கூச்சத்துக்குக் கோயில் கட்டலாம்.

சரி, வீட்டுக்கே ஆளைக் கூப்பிடுவோம்னு எங்க குடியிருப்பு வாசல்ல பச்சை எண்ணெய் பாட்டிலோட உக்காந்திருக்கிற மாலிஷ்வாலா பய்யாவை அழைச்சுட்டு வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய். அவர் வந்தார், கை கழுவினார், அப்பா வேட்டியை முழங்கால் வரை ஏத்தச் சொன்னார். ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தார். புறங்கையை முதல்ல வலது கால்ல வச்சார், அப்புறம் இடது கால்ல வச்சார். பாட்டிலோட மூடியைத் திரும்ப மூடிட்டார்.

"பாபுஜி, எத்தனை நாளா? கீழே விழுந்தீங்களா? ரொம்ப தூரம் உக்காந்து வந்தீங்களா?" மூணு கேள்வி. அப்புறம் என்னைப் பார்த்து, "சார், இந்தக் கால் சூடா இருக்கு. ஒத்தைக் கால் வீக்கத்தைத் தொடாதேன்னு என் உஸ்தாத் சொல்லியிருக்கார். நான் கை வைக்க மாட்டேன். டாக்டர்கிட்ட காட்டுங்க." 300 ரூபாயைக் கொடுத்தேன், வாங்கலை. எண்ணெயே எடுக்கலையே, காசு எதுக்குன்னுட்டார்.

அன்னிக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரி. டாக்டர் டேப் வச்சு ரெண்டு கெண்டைக்காலையும் அளந்தார். 3 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம். கால் ரத்தக் குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன். ஆழத்தில் இருக்கிற சிரையில் ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குது. டாக்டர் முதல்ல கேட்டதே இதைத்தான்: "யாராவது பிடிச்சு விட்டாங்களா?" இல்லைன்னு சொன்னதும் அவர் முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது பாருங்க, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அந்தக் கட்டியை அழுத்தித் தேய்ச்சா அது பிச்சுக்கிட்டுக் கிளம்பலாம். கால் சிரையிலிருந்து இதயத்தின் வலது பக்கம், அங்கிருந்து நுரையீரல். அங்கே போய் ரத்தக் குழாயை அடைச்சா மூச்சு நிக்கும். பெரிய கட்டியா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட நேரம் இருக்காது.

மிகைப்படுத்திச் சொல்றேன்னு நினைக்காதீங்க. 2016ல் இதே தில்லியில் நடந்திருக்கு. 23 வயசுப் பையன். விளையாடும்போது கணுக்கால்ல அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தாங்க. கட்டைப் பிரிச்ச பிறகும் வலி போகலை. அம்மா பாசத்தோட எண்ணெய் தேய்ச்சு விட்டாங்க. கால்ல இருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்ப் பையன் இறந்துட்டான். எய்ம்ஸ் தடயவியல் மருத்துவர்கள் அதை ஆராய்ந்து மருத்துவ இதழில் எழுதினாங்க. அந்த அம்மாவை நினைச்சுப் பாருங்க. அவங்க செஞ்ச தப்பு என்ன? நம்ம அம்மா நமக்குச் செய்யறதைத்தான் செஞ்சாங்க. யாரும் அவங்களுக்குச் சொல்லித் தரலை, அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்குத் தெரியாது, அதனால அவங்க மேல கோபம் வராது. மூவாயிரம் ரூபாய் வாங்கிட்டு, "ஒரு கால் வீங்கியிருக்கு"ன்னு வாய் விட்டுச் சொன்ன பிறகும் "11 மணிக்கு வாங்க"ன்னு சொன்ன கடை மேல வருமா வராதா?

தெருவோரம்னா எல்லாம் உத்தமமா?

இதைப் படிச்சுட்டு 'ஏழைத் தொழிலாளி வாழ்க, ஸ்பா ஒழிக'ன்னு நான் கோஷம் போடுறதா நினைக்க வேண்டாம். அதே தெருவுலதான் முடி வெட்டி முடிச்சதும் கேக்காமலே தலையைப் பிடிச்சு 'டக்'குனு ரெண்டு பக்கமும் திருப்பி விடற கடையும் இருக்கு. நானும் வருஷக்கணக்கா அதுக்குக் கழுத்தை நீட்டினவன்தான். அந்த 'டக்' சத்தத்துல ஒரு திருப்தி. ஆனா கழுத்தெலும்புக்குள்ள மூளைக்குப் போற ரத்தக் குழாய் ரெண்டு ஓடுது. வேகமாத் திருப்பும்போது அதோட உள்சுவர் கிழிஞ்சா பக்கவாதம் வரைக்கும் போகும். அபூர்வம்தான். ஆனா வந்தா யார் பொறுப்பு?

பியூட்டி பார்லரும் விதிவிலக்கு இல்லை. தலை கழுவ கழுத்தைப் பின்னால சாய்ச்சு வைக்கிறதால வர்ற பக்கவாதத்தை 1993லேயே ஒரு அமெரிக்க டாக்டர் எழுதிட்டார். 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்'னே பேரு. 2022ல் ஹைதராபாத்தில் 50 வயசுப் பெண்மணி ஒருத்தருக்கு அப்படி வந்ததா அங்க இருக்கிற நரம்பியல் மருத்துவர் எழுதியிருந்தார்.

ஆக, ஏசி போட்ட கடையா, மரத்தடியாங்கறது பிரச்சினை இல்லை. தொடறதுக்கு முன்னாடி கேக்குறாங்களா, இல்லையா? எனக்கு வித்தியாசம் அங்கதான் இருக்கு. கேக்காம தொடறவங்க கையில எந்த நாட்டு மசாஜும் வேண்டாம்.

அப்ப எதைத்தான் தேர்ந்தெடுக்கறது?

மெனு கார்டைக் கவுத்து வச்சுட்டு, உங்க தேவையிலேருந்து ஆரம்பிங்க.

1. தூக்கம் வரலை, மனசு அலுத்துக் கிடக்கு. இதுக்கு மிதமான அழுத்தத்தில் நீளமாத் தடவி விடற எதுவும் போதும். ஸ்வீடிஷோ, ஆயுர்வேத அப்யங்கமோ, வீட்டு எண்ணெய்க் குளியலோ. சனிக்கிழமை நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்ச்சு வெந்நீர்ல குளிச்சுட்டு மத்தியானம் தூங்கிப் பாருங்க. செலவு 50 ரூபாய்கூட ஆகாது. தில்லிக் குளிர்ல சீயக்காய்க்கு எங்க போறதுன்னு கேக்கறவங்க ஊரிலேருந்து யார் வந்தாலும் ஒரு பொட்டலம் கொண்டு வரச் சொல்லுங்க :-)

2. பொட்டி தட்டுற கழுத்து, தோள்பட்டை. தசையை மட்டும் மிதமா அழுத்திப் பிசையறது இதமா இருக்கும். எலும்பை 'டக்'குனு திருப்பவே கூடாது. ஆனா திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தாம, அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரிக்காம, மாசா மாசம் மசாஜுக்குக் காசு கொடுத்தா அது குழாயை மூடாம தரையைத் துடைக்கிற கதை. என் செவ்வாய்க்கிழமை அனுபவம் அதுதான்.

3. உடம்பு விறைப்பா இருக்கு, வேற நோய் நொடி இல்லை, வயசும் இருக்கு. தாய் முறை நல்லது. ஆனா மூட்டு மாத்தினவங்க, எலும்பு தேய்ஞ்சவங்க, டிஸ்க் பிரச்சினை இருக்கிறவங்க பக்கத்துலயே போகாதீங்க. இழுத்து வளைக்கிறதுதான் அதுல பாதி வேலை.

4. ஓட்டம், ஜிம்முக்கு அப்புறம் வலி. லேசாப் பிடிச்சு விட்டா இதமா இருக்கும். 'லாக்டிக் ஆசிட்டை வெளியேத்துறோம்'னு சொன்னா நம்பாதீங்க, அது ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தானே வடிஞ்சிடும். டீப் டிஷ்யூவில் அலற அலற வலிச்சாத்தான் பலன்னு எவனோ கிளப்பி விட்டிருக்கான். மறுநாள் உடம்பு நீலம் பூத்திருந்தா அது காயம். அதுக்குக் காசு வேற கொடுத்திருக்கோம்.

5. வாரக்கணக்கா இடுப்பு வலி. 2015ல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தது. மசாஜால் கொஞ்ச நாளைக்கு வலி குறையலாம், நீண்ட நாள் பலனுக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு சொல்லுச்சு. பிசியோதெரபிஸ்டிடம் போய் உடற்பயிற்சி கத்துக்குங்க. அது நாலு வருஷத்துக்கு மேல படிச்சு வாங்குற பட்டம், அந்த மாதிரித் துணை மருத்துவத் தொழில்களுக்கு 2021ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டிருக்கு. தங்கமணிக்கு மூணு மாசமா அந்தப் பயிற்சிதான் வேலை செய்யுது. இடுப்பு வலியோட கால் மரத்துப் போறது, சிறுநீர் அடக்க முடியாம போறது, காய்ச்சல், இதில் ஒண்ணு இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி.

6. வீட்டுப் பெரியவங்க. மெதுவா, லேசா, அவங்க போதும்னு சொல்ற வரைக்கும். சர்க்கரைக்காரங்க பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருக்கும், சூட்டுக்கல்லோ சூடான கிழியோ வச்சா பொசுங்குறதுகூடத் தெரியாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அழுத்தித் தேய்ச்சா உள்ளே ரத்தம் கட்டும். எலும்பு பலவீனமானவங்க முதுகுல ஏறி அழுத்தினா விலா எலும்பே விரியும்.

7. கர்ப்பிணிகள், பிள்ளை பெத்தவங்க, குழந்தை. இந்தச் சமயத்தில் கால் ரத்தக்கட்டி வர வாய்ப்பு கூட, அதனால காலை அழுத்திப் பிடிக்கிறது வேண்டாம். மத்ததெல்லாம் டாக்டரைக் கேட்டுட்டு. குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லத் தடவினா போதும். மூக்கிலயும் காதுலயும் எண்ணெய் ஊத்தற பழக்கத்தை, சொல்றது பாட்டியா இருந்தாலும், கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்துங்க. மூக்குல ஊத்துறது நுரையீரலுக்குள்ள போகும்.

8. பிழிச்சில், ஞவரக்கிழி, தொக்கணம் மாதிரி சிகிச்சைகள். பேரே சிகிச்சைன்னா, பார்க்க டாக்டர் வேணும். தென்னைமரம் படம் போட்ட 'கேரளா ஆயுர்வேதிக்' பலகை டாக்டர் ஆகாது. தில்லியில் சரிதா விஹாரில் அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் 2017லேருந்து இருக்கு. சென்னைக்குப் போனா தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். புறநோயாளிச் சீட்டு வாங்கிப் பார்த்துட்டு அப்புறம் எண்ணெயில இறங்குங்க.

எந்த வகையும் வேண்டாம்னு சொல்ற நேரமும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடா வலிச்சா, காய்ச்சல் இருந்தா, தோல்ல புண் இருந்தா, அடிபட்டு எலும்பு முறிஞ்சிருக்கலாம்னு சந்தேகம் இருந்தா, மார்பு வலி, மூச்சுத் திணறல் இருந்தா. புற்றுநோய் சிகிச்சையில இருக்கிறவங்க அவங்க டாக்டரைக் கேக்காம வேண்டாம்.

அப்புறம் அந்த 'நச்சு வெளியேற்றம்', 'டீடாக்ஸ்' சமாச்சாரம். அந்த வேலையை உங்க கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காம பார்த்துக்கிட்டு இருக்கு. முதுகைத் தேய்ச்சு நச்சு வெளியே வர்றதில்லை. பர்ஸ்லேருந்து காசுதான் வெளியே வருது.

கடைசியா, நம்ம சிரிப்பைப் பத்தி

'மசாஜ்'னு சொன்னாலே நம்ம ஆளுங்க முகத்துல ஒரு கள்ளச் சிரிப்பு வரும். ஆபீஸ்ல கூப்பன் கொடுத்த அன்னிக்கும் வந்துச்சு. அந்தச் சிரிப்பாலதான் நாம இதைப் பத்தி வாயைத் திறந்து பேசறதில்லை. பேசாததாலதான் கேள்வி கேக்கறதில்லை. நம்ம வீட்டுப் பொம்பளைங்க இடுப்பு வலியோட வருஷக்கணக்கா ஓட்டறதும், அப்பாக்கள் 'அசிங்கம்'னு ஒதுங்கறதும் அதாலதான். தில்லி ஸ்பாக்களில் வேலை செய்யற பொண்ணுங்கள்ல பல பேர் வடகிழக்கு மாநிலங்கள்லேருந்து வந்தவங்க. நம்மள மாதிரியே ஊரையும் பாஷையையும் விட்டுட்டுப் பொழைக்க வந்தவங்க. நம்ம இளிப்பையும் அவங்கதான் தாங்க வேண்டியிருக்கு. வாடிக்கையாளர்கிட்ட என்ன கேக்கணும்னு முதலாளி சொல்லித் தரலைன்னா அந்தப் பொண்ணைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பத்து வரிக் கேள்வித்தாள் ஒண்ணு அச்சடிக்க எவ்வளவு ஆகும்? கல்யாண நாளைக் கேக்க ஒரு கட்டம் போடத் தெரிஞ்சவங்களுக்கு, 'ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா?'ன்னு ஒரு கட்டம் போடத் தெரியாதா?

அவங்க கேக்கலைன்னா நீங்க சொல்லுங்க. "எனக்கு இன்ன நோய், இன்ன மாத்திரை, இங்க வலி, இத்தனை நாளா. உங்களால முடியுமா?" முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளா பார்த்து உடம்பைக் கொடுங்க. எல்லாத்துக்கும் 'நோ பிராப்ளம்'னு சொல்ற கடையை விட்டு எழுந்து வந்துடுங்க, கூப்பன் வீணாப் போனாலும் பரவாயில்லை.

அப்பா இப்ப நல்லா இருக்கார். மாத்திரை மாசக்கணக்கில் ஓடுச்சு. திரும்பிப் போகும்போது அடம் பிடிச்சு விமானத்தில் ஏத்தி விட்டேன். அதுலயும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும், தண்ணி குடிக்கணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டு.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முதல் நாள் வாசலுக்குப் போய் அந்த மாலிஷ்வாலா பய்யாவைப் பார்த்தார். இவருக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. அப்பா அவர் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்னார். அந்த மனுஷன் வெக்கப்பட்டுச் சிரிச்சுட்டு, குனிஞ்சு அப்பாவோட இடது காலைப் புறங்கையால தொட்டுப் பார்த்தார்.

"தண்டா ஹை, பாபுஜி"ன்னார். சூடு இல்லையாம்.

பி.கு.: அந்த மூணாவது கூப்பன் இன்னும் மேஜை டிராயர்லதான் இருக்கு. யாருக்கும் வேணும்னா கேக்காதீங்க, தரமாட்டேன். சோன்பப்டி டப்பா வேணும்னா தரேன்.